அழுகிற இடத்துக்கு ஒரு ரீல் முன்னால்

மதுரையில் நான் வேலை பார்த்த படக் கம்பெனி இருந்த தெருவில் இப்போது இரண்டு இளைஞர்கள் படம் வாங்கி ஊர் ஊராக விடும் தொழில் செய்கிறார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே குடித்தேன். குடித்து முடித்தபின் விஷயம் வந்தது.

"சார், நாங்க தியேட்டர் வாசல்ல கேமராவை வச்சுக்கிட்டு, வெளியே வர்றவங்ககிட்ட படம் எப்படின்னு கேக்குறோம். பத்துக்கு ஒம்பது பேர் பிரமாதம்ங்கிறாங்க. மறுநாள் பார்த்தா தியேட்டர் காலி. உங்க காலத்துல ஜனங்களுக்குப் படம் பிடிச்சுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அதை எழுதித் தாங்க."

எழுதுகிறேன். ஆனால் அதை வைத்து என்ன செய்யப்போகிறார்கள் என்பது எனக்கு இன்னும் தெளிவாகத் தெரியவில்லை.

வாசலுக்கு வெளியே வந்தவன் சொல்வதை நான் ஒருநாளும் நம்பியதில்லை. வெளியே வந்ததும் அவன் தனி ஆள் இல்லை. பக்கத்தில் மைத்துனன் நிற்பான், பெண்டாட்டி நிற்பாள், வேலை கொடுக்கிறவன் நிற்பான். அவர்களுக்கு ஏற்றபடிதான் அவன் வாய் பேசும். உண்மை வேண்டுமானால் உள்ளே, விளக்குப் போட்ட நிமிஷத்தில், முகத்தைப் பார்க்கவேண்டும். எங்கள் காலத்து டெண்ட் கொட்டகையில் அதற்கு வசதி இருந்தது. அங்கே படம் காட்டும் மெஷின் ஒன்றுதான். ஒரு ரீல் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை விளக்கைப் போட்டுவிடுவார்கள். படத்துக்கு நடுவே பல தடவை இப்படி நடக்கும். மணலில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் கண்ணைத் துடைக்க அவகாசம் இல்லாமல் வெளிச்சத்தில் மாட்டிக்கொள்ளும். நான் வெள்ளைத் திரைக்குப் பக்கத்தில், ஜனங்களைப் பார்த்தபடி நிற்பேன். அவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், நான் அவர்களைப் பார்ப்பேன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலிடம் கொஞ்ச நாள் படி எடுத்து எழுதிக்கொண்டிருந்தேன். சுதந்திரம் வந்து சில வருஷங்களில் கம்பெனியில் சேர்ந்தேன். வேலையின் பெயர் ரெப்ரசென்டேடிவ். ஊர்களில் ரெப்பு என்பார்கள். வயதானவர்கள் பெட்டிக்காரர் என்பார்கள். படப்பெட்டியோடு ரயிலில் போய் இறங்கி, படம் ஓடும்வரை கூடவே இருந்து, உள்ளே எத்தனை தலை இருக்கிறது, அவை என்ன செய்கின்றன என்று பார்த்துக் கம்பெனிக்குச் சொல்லவேண்டும். கொட்டகைக்காரர் ஒரு எண்ணிக்கை சொல்வார், நான் ஒரு எண்ணிக்கை சொல்வேன். இரண்டும் ஒத்துப்போனால் எங்கள் மேனேஜருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

மேனேஜர் வேதாசலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் யாரையும் நீ என்று அழைத்ததில்லை. கோபம் கூடக்கூட மரியாதையும் கூடும். 'தாங்கள்' என்று ஆரம்பித்தால் வேலை போகப்போகிறது என்று அர்த்தம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்துக்கொண்டே கேள்வி கேட்பார். துடைத்து மாட்டிக்கொள்ளும்வரை பதில் சொல்லக்கூடாது. படம் நன்றாக இருக்கிறதா என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. "வெளக்குப் போட்டப்ப முறுக்கு வித்துதா?" என்பார். முறுக்கு விற்றால் படம் சாதாரணம். முறுக்குக்காரன் கூடையைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றால் படம் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். அடுத்த கேள்வி, "எத்தனை பேர் திரும்ப வந்தாங்க?"

சேர்ந்த அன்றைக்கே அவர் எனக்குச் சொன்ன விதி ஒன்று உண்டு.

"போற ஊர்ல யார் வீட்டுலயும் கை நனைக்காதீங்க. ஒரு வாய் சோறு தின்னுட்டா, மறுநாள் அவரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல ஒங்க நாக்கு கூசும். காசு குடுத்துக் கிளப்புக் கடையில சாப்பிடுங்க. கிளப்பு இல்லாத ஊர்ல வாழைப்பழம் தின்னுங்க."

நான் வாழைப்பழம் தின்றே பல ஊர்களைக் கடந்தவன்.

இனி அந்தப் படம். பெயர் வேண்டாம். எடுத்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். யார் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. கதை இதுதான். விதவையான தங்கையை அண்ணன் விருந்துக்கு அழைத்து, தன் கையாலேயே சோறு போட்டு, சொத்தை எழுதி வாங்கிக்கொள்கிறான். பிறகு அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரை நம்பவைத்து அறையில் போட்டுப் பூட்டுகிறான். வெளியே அவள் பிள்ளை காய்ச்சலில் சாகிறது. அதன்பின் படம் முடியும்வரை அந்தப் பிள்ளை 'அம்மா' என்று கூப்பிடும் குரல் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். பிள்ளையைக் காட்டமாட்டார்கள். குரல் மட்டும்தான்.

ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் ஓட்டியபோது நடவு வேலைக்குப் போய்வந்த பெண்கள் மணலை வாரித் திரையில் எறிந்தார்கள். கிழவர் ஒருவர் எழுந்து நின்று, "கைநாட்டு வச்சிராத தாயி" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். பக்கத்தில் இருந்தவர், "ஏலே, அவளுக்குக் கேக்காதுடா, ஒக்காரு" என்று வேட்டியைப் பிடித்து இழுத்தார். படம் விட்டபிறகு பெண்கள் தனியாக வீட்டுக்குப் போகப் பயந்து கூட்டமாகவே போனார்கள். அதுவரை எந்த ஊரிலும் அந்தப் படத்துக்கு முறுக்கு விற்கவில்லை.

அங்கிருந்து பெட்டியை உச்சிப்புளிப் பக்கம் கொண்டுபோனேன். கடற்கரையை ஒட்டிய ஒரு ஊரில், தென்னந்தோப்புக்குள் டெண்ட். கொட்டகை முதலாளி காதர் மீரா, புதுமடத்துக்காரர். தோப்பு அந்த ஊர்க் கருவாட்டு வியாபாரி சண்முகவேலுவுடையது. தோப்புக்காரர் என்பதால் அவருக்குத் தினமும் ஒரு ஓசி நாற்காலி உண்டு. ஓசி நாற்காலியில் உட்காருகிறவர்களை நான் முதலில் கவனிப்பேன்.

காதர் மீரா வந்ததும் வராததுமாகச் சாப்பிட அழைத்தார். மறுத்தேன்.

"ஒங்க கம்பெனி சட்டம் எனக்குத் தெரியும் சார். நம்ம வீட்டுக்கு வேணாம். இங்கன ஒரு அம்மா ஆளுகளுக்குச் சமைச்சுக் குடுக்குது. அங்கனயிருந்து தூக்குச்சட்டி வரும். போறப்ப அந்த அம்மாவுக்குக் காசைக் குடுத்துட்டுப் போங்க. அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றேன், எனக்கு இதுல ஒண்ணும் இல்ல."

விலைக்கு வாங்கும் சாப்பாடுதானே என்று ஒப்புக்கொண்டேன். முதல் நாளே நண்டுக் குழம்பு வந்தது. வாழைப்பழத்தில் காலம் தள்ளியவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மறுநாளும் நண்டு. அதற்கு மறுநாளும்.

முதல் நாள் முதல் ஆட்டத்திலேயே ஒன்று நடந்தது. விருந்துக் காட்சியில் அண்ணன் கரண்டியைக் கையில் எடுத்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்க தாயி" என்கிறான். கொட்டகை அமைதியாக இருக்கிறது. அவன் என்ன செய்யப்போகிறான் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்த அமைதியில் பெண்கள் பக்கமிருந்து ஒரே ஒருத்தி சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. வெகுநாளாகக் காணாத ஆளைச் சந்தையில் பார்த்தால் வருமே, அப்படி ஒரு சிரிப்பு. அந்தக் காட்சியோடு ரீல் முடிந்து விளக்குப் போட்டார்கள். தலை தலையாகப் பார்த்தேன். மூங்கில் தட்டி ஓரமாக முப்பது வயதுக்குள் ஒருத்தி, சீலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மணலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ரீலில் தங்கையை அறையில் பூட்டுகிறார்கள். அப்போதுதான் கொட்டகை அழ ஆரம்பித்தது. எல்லாருக்கும் மேலே கேட்ட அழுகை ஓசி நாற்காலியிலிருந்து வந்தது. சண்முகவேலு துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். "எம்புட்டு எளகின மனசு" என்று சோடாக்காரன் சொன்னான்.

மறுநாள் அதே இடத்தில் அவள் சிரித்தாள். அதே இடத்தில் அவர் அழுதார். ஆனால் இரண்டாம் நாள் நான் இன்னொன்றும் பார்த்தேன். அழுகைக் காட்சி வருவதற்கு முன்பே, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

அவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். எனக்கு அவள்மேல்தான் சந்தேகம். மண்டபம் பக்கம் வேறொரு டெண்ட் போட்டிருந்தார்கள். ஆள் வைத்து, அழுகிற படத்தில் சிரிக்கச் சொல்லிக் கெடுப்பது அந்தக் காலத்தில் உண்டு. கொட்டகையில் விசாரித்தேன். பெயர் முத்துராக்கு. புருஷன் கடலில் போய்விட்டான்; தோணி மட்டும் கரைக்கு வந்தது. பிள்ளை இல்லை. புருஷன் கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறாள். சண்முகவேலுவின் கூடப் பிறந்த தங்கை.

அப்படியானால் அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஏதோ செய்கிறார்களா என்ற புதுச் சந்தேகம் வந்தது. காலையில் கடற்கரைக்குப் போனேன். அவள் மணலில் காயும் சாளைக் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானே வெள்ளைத் துணிப் பக்கம் நின்னுக்கிட்டு எங்களை எண்ணுறது?" என்று அவளே தொடங்கினாள். "நாங்க என்ன கெடை ஆடா?"

"தினமும் ஒரே எடத்துல சிரிக்கிறியே. யார் சொல்லி?"

"சிரிக்கச் சொல்லிக் காசு குடுக்குற ஊரா இது? அழுகச் சொன்னாலாச்சும் குடுப்பாங்கெ."

"வேற யாரும் சிரிக்கலையே."

"அவுகளுக்கு அடுத்து என்ன வரும்னு தெரியலை." கருவாட்டை இரண்டு புரட்டுப் புரட்டினாள். பிறகு தலையைத் தூக்காமல், "சாப்பாடு நல்லாருக்கா?" என்று கேட்டுவிட்டு, கொட்டகையில் கேட்ட அதே சிரிப்பைச் சிரித்தாள்.

என் சாப்பாடு இவளுக்கு எப்படித் தெரியும் என்று நாள் முழுவதும் யோசித்தேன். மத்தியானம் தூக்குச்சட்டி வந்தது. யோசித்துக்கொண்டே தின்றுவிட்டேன்.

நாலாம் நாள் காலையில் காதர் மீரா வேகமாக வந்தார்.

"சார், இன்னைக்கி ஊர்க் கூட்டம். வெயிலா இருக்குன்னு நம்ம கொட்டகையிலயே வச்சிருக்காக. ஒங்களையும் கூப்புடுறாக."

"என்னை எதுக்கு?"

"அந்தப் பொண்ணுக்குப் புத்தி சரியில்லையாம். வீட்டை அண்ணன் பொறுப்புல விட்டுட்டு, அவளைத் தன் வீட்டுக் கொல்லையில கொண்டாந்து வச்சுக்கிறேன்கிறாரு. ஊரே அழுகுற எடத்துல அவ சிரிக்கிறா, பெட்டிக்காரர் தெனமும் பார்த்திருக்காரு, அவரைக் கேளுங்கங்கிறாரு." குரலைத் தாழ்த்தினார். "சிரிச்சான்னு மட்டும் சொல்லிட்டு எறங்கிருங்க. பொய்யில்லையே. தோப்பு அவருது சார். நாளைக்கே டெண்டைப் பிரிங்கன்னா நான் எங்க போவேன்?"

உள்ளே போனால் சினிமாவுக்கு வந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள், முத்துராக்கு அதே ஓரத்தில். சண்முகவேலு மட்டும் நாற்காலியை விட்டு மணலில் உட்கார்ந்திருந்தார். ஊர் அம்பலக்காரர், வெற்றிலைச் சாறு படிந்த மீசை வைத்த பெரியவர், முன்னால் இருந்தார். என்னை வெள்ளைத் திரைக்குப் பக்கத்தில், மண்மேட்டின்மேல் நிற்கச் சொன்னார்கள்.

சண்முகவேலு மெதுவாகப் பேசினார். "அவ வீடு எனக்கு வேணாமுங்க. கடவுள் எனக்குக் குடுத்திருக்கான். எந் தங்கச்சி. புருஷன் போனதுலயிருந்து அவ அவளா இல்ல. நான் ஆக்கிக் குடுத்துவிட்டாக்கூடச் சட்டியைத் திருப்பி அனுப்புறா. பெத்த பிள்ளை சாகுற படத்தைப் பார்த்துச் சிரிக்கிறா. நல்ல புத்தி உள்ளவ செய்யிற காரியமா?" துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். துண்டு ஏற்கனவே மடித்து மடிமேல் இருந்தது.

அம்பலக்காரர் என்னைப் பார்த்தார். "பெட்டிக்காரரே, நீங்க அசலூரு. ஒங்களுக்கு இவுக ரெண்டு பேரும் ஒண்ணுதான். அந்தப் பிள்ளை சிரிச்சுதா?"

"சிரித்தது."

பெண்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. முத்துராக்கு தலையைத் தூக்கவில்லை. காதர் மீரா பின்னாலிருந்து இறங்கி வரச் சைகை செய்தார். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. அதில் பொய் இல்லை. ஆனால் அது சரியான எண்ணிக்கையும் இல்லை. தப்பான எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டு இறங்கி எனக்குப் பழக்கம் இல்லை.

"சிரித்தது. ஆனால் அழுகிற இடத்தில் இல்லை" என்றேன். "சிரித்தது விருந்துக் காட்சியில், அண்ணன் சோறு போடும்போது. அதற்குப்பிறகு ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள். அழுகை வந்தது அடுத்த ரீலில். அங்கே அது சிரிக்கவில்லை. வேறு எங்கேயும் சிரிக்கவில்லை. எல்லா ஆட்டத்திலும் அந்த ஒரே இடம்தான். முதல் நாள், கதை யாருக்கும் தெரியாதபோதே அங்கேதான் சிரித்தது."

அம்பலக்காரர் யோசித்தார். "ஆமப்பா. நடுவுல வெளக்குப் போட்டாங்கெ. நான் எந்திரிச்சுப் போயி வெத்தலை வாங்கினேன். அதுக்கப்புறந்தான் கதவைப் பூட்டுனான்." தட்டிப் பக்கம் திரும்பினார். "ஏத்தா முத்துராக்கு, சோறு போடுறதுல என்ன ஆத்தா சிரிப்பு?"

அவள் எழுந்து நின்றாள். தட்டிக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது.

"அந்தப் படத்து அண்ணன் வந்ததுலயிருந்து மொறைச்சுக்கிட்டே இருந்தாரு. மொறைக்கிறவன்கிட்ட எவ ஏமாறுவா? படம் எடுத்தவுகளுக்கு ஒண்ணுமே தெரியலைன்னு நெனச்சேன். கரண்டியைக் கையில எடுத்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்க தாயின்னாரு பாருங்க, அப்பத்தான் வெளங்குச்சு, இதை எழுதுனவனுக்கும் ஒரு அண்ணன் இருந்திருக்கான்னு. சிரிப்பு வந்துருச்சு." அண்ணன் பக்கம் பார்க்காமலே பேசினாள். "எங்க அண்ணனுக்கு ஒண்ணு வேணும்னா மொதல்ல நண்டுக் கொழம்பு வரும். தோணியைக் கொண்டுபோனப்ப வந்துச்சு. வலையைக் கொண்டுபோனப்ப வந்துச்சு. ரெண்டு தரமும் இன்னும் கொஞ்சம் போட்டுக்க தாயின்னாரு, போட்டுக்கிட்டேன். இப்ப மூணாந்தரம் வந்துச்சு. மிச்சம் இருக்குறது வீடுதானே. சட்டியைத் திருப்பிக் குடுத்துட்டேன். அதுலயிருந்து நான் பைத்தியம்."

"சோறு குடுத்துவிட்டது ஒரு குத்தமாய்யா?" என்றார் சண்முகவேலு, கூட்டத்தைப் பார்த்து.

"குத்தமில்லண்ணே. பெட்டிக்கார அய்யாவைக் கேளுங்க, அவுகளுக்கு வந்ததுலயிருந்து என்ன கொழம்புன்னு."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் காதர் மீராவைப் பார்த்தேன். அவர் கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆளுகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் அம்மா சண்முகவேலு வீட்டு அம்மா என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நண்டு" என்றேன்.

ஆண்கள் பக்கம் பின்வரிசையில் ஒருவர், "இந்தத் தோப்பை எங்கிட்டயிருந்து வாங்கினப்பவும் நண்டுதாம்ப்பா. நல்ல ருசி" என்றார். யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். சிரிப்பு தட்டியைத் தாண்டிப் பெண்கள் பக்கம் போய், அங்கிருந்து பெரிதாகித் திரும்பி வந்தது. முத்துராக்கு ஒருத்திதான் சிரிக்கவில்லை.

அம்பலக்காரரும் சிரிக்கவில்லை. புறங்கையால் மீசையை ஒருமுறை துடைத்துக்கொண்டார். முந்தின நாள் அவர் வீட்டுக்கும் ஒரு தூக்குச்சட்டி போயிருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறேன்.

"வீடு அந்தப் பிள்ளை வீடு" என்றார் கடைசியில். "எந்த எடத்துல சிரிக்கணும்னு தெரிஞ்சவளைப் பைத்தியம்னு சொல்ல முடியாது. சண்முகம், நீ இனிமே அவ வீட்டுக்குச் சட்டி அனுப்பாத. கூட்டம் முடிஞ்சது."

அன்றைக்கு மத்தியானம் எனக்குத் தூக்குச்சட்டி வரவில்லை. வாழைப்பழம் வாங்கிக்கொண்டேன்.

சாயங்கால ஆட்டத்துக்கு ஊர் முழுவதும் வந்தது. முத்துராக்கு வரவில்லை. ஓசி நாற்காலியும் காலி. படத்தில் அண்ணன் கரண்டியை எடுத்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்க தாயி" என்றதும் பெண்கள் பக்கம் முழுவதும் சிரித்தது. ஆண்கள் பக்கம் யாரோ, "அது நண்டாண்ணே?" என்று திரையைக் கேட்டார்கள். கதவைப் பூட்டும் ரீல் முடிந்து விளக்குப் போட்டபோதும் ஒரு கண்ணும் நனைந்திருக்கவில்லை. முறுக்குக்கூடை காலியாகிவிட்டது. ஆனால் பிள்ளையின் குரல் கேட்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. மற்ற ஊர்களைப்போல யாரும் விம்மவில்லை. ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். படம் முடிந்தபிறகு, எழுந்து போகிறவர்களை எண்ண நின்றேன். வெகுநேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தப் படத்துக்கு நான் பார்த்த எல்லா அழுகையையும்விட அது எனக்குப் பயமாக இருந்தது.

மதுரைக்கு வந்து மேனேஜர் முன்னால் நின்றேன். எல்லா ஊரிலும் அழுத படத்துக்கு அந்த ஊரில் மட்டும் ஏன் சிரித்தார்கள் என்று நீளமாக விளக்கினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். போட்டிக் கொட்டகைக்காரன் ஆள் வைத்தானா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். ஏனோ கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தாங்கள் அங்கே எங்கே சாப்பிட்டீர்கள்?"

வேலை போகவில்லை. அதன்பிறகு நாற்பது ஊர்களுக்குமேல் பெட்டியோடு போனேன், கிளப்பு இல்லாத ஊர்களில் வாழைப்பழமே தின்றேன். இப்போது மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் நல்ல பெண் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ராத்திரி அவள் கரண்டியோடு குனிந்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க மாமா" என்றால் என் கை தானாகத் தட்டை மூடிவிடுகிறது. அவளுக்குக் கோபம் வருகிறது. தனக்கு என்ன வேண்டும் என்று அவள் இதுவரை சொல்லவில்லை. காத்திருக்கிறேன்.